கைக்குழந்தையோடு ஓட்டலுக்கு: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது முதல்முறையாக ஓட்டலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டரை மணி. சென்னைக்காரர்களுக்கு அந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் எப்போது காபி சொல்வார் என்று காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் அப்படி நின்றோம். இடம் கிடைத்துத் தோசை வருவதற்குள் அவளுக்குப் பசியும் வந்துவிட்டது, தூக்கமும் வந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் பாதி ரவா தோசையோடு எழுந்து வேறு இடம் போய்விட்டார். வந்த நெய் ரோஸ்ட்டை அப்படியே பார்சல் கட்டச் சொல்லி எடுத்துவந்தோம். பார்சலில் வந்த ரோஸ்ட் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, நனைந்த அட்டை மாதிரி.

அவளுக்கு இப்போது இரண்டு வயது. இடையில் எத்தனையோ முறை போய்விட்டோம். தவறெல்லாம் அந்த முதல் நாள் நேரக்கணக்கில்தான் இருந்தது. எங்களுக்குப் பசித்த நேரத்தில் கிளம்பினோம். அவளுடைய தூக்கம் எப்போது, அடுத்த பால் எப்போது என்று யோசிக்கவே இல்லை. இப்போது அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறோம்.

எந்த வயதில்?

ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், அதனால் ஓட்டலில் அதற்கு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. மடியில் தூங்கும், நீங்கள் சாப்பிடலாம். உண்மையில் இதுதான் சுலபமான காலம். ஆனால் கூட்டமான, கதவு மூடிய ஏசி ஹாலில் பச்சிளம் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார நான் சொல்ல மாட்டேன். ஆறு, பத்து, பதினான்கு வாரத் தடுப்பூசிகள் முடியட்டும். குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல், பிடிப்பில்லாமல் உட்காரத் தொடங்கியதும் உண்மையான ஓட்டல் வாழ்க்கை ஆரம்பம். ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றேகால் வயதுவரை கொஞ்சம் கஷ்டம்தான். கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகும், எட்டாதது தரைக்குப் போகும்.

நேரத்தைப் பிடியுங்கள்

ஓட்டலில் மீல்ஸ் போட ஆரம்பிக்கும் நேரம், அதாவது பதினொன்றரை, பன்னிரண்டு மணி, குழந்தைக்காரர்களுக்கு வரப்பிரசாதம். மேஜை காலி, சாதம் அப்போதுதான் வடித்தது, பரிமாறுகிறவருக்குப் பொறுமை இருக்கும். காலை டிபன் என்றால் ஏழரைக்குள். மாலை என்றால் ஆறு, ஆறரை. ஞாயிறு இரவும் முகூர்த்த நாள் காலையும் வேண்டவே வேண்டாம்.

குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தால் அதுதான் கிளம்பும் நேரம். லேசான பசி இருக்கும், அழும் அளவுக்கு இருக்காது. ஓட்டலுக்குள் மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எந்தக் குழந்தையும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அரட்டை அடிக்க வேண்டும் என்றால் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

எந்த ஓட்டல்?

சுத்தம், சீக்கிரம் பரிமாறுவது, கொஞ்சம் சத்தம். மூன்றாவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். தட்டும் டம்ளரும் மோதுகிற சத்தத்தில் குழந்தையின் சத்தம் கரைந்துவிடும். மெழுகுவர்த்தி ஏற்றி மெதுவாக வயலின் போடுகிற இடத்தில் உங்கள் குழந்தை கீச்சென்றால் ஹாலே திரும்பிப் பார்க்கும். சாதாரண டிபன் ஓட்டலில் திரும்பிப் பார்ப்பவர் சிரித்துவிட்டு “என்ன பாப்பா?” என்பார்.

போகும் முன்பு போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள். குழந்தை நாற்காலி இருக்கிறதா? வாசலில் எத்தனை படி? நம் ஊர் ஓட்டல் பலவற்றில் வாசலிலேயே ஐந்தாறு படி இருக்கும், ஏசி ஹால் மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. தள்ளுவண்டியை மடக்கித் தூக்கிக்கொண்டு ஏறினால் சாப்பிடும் முன்பே பாதி உயிர் போய்விடும். துணித் தூளி மாதிரி உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் போதும். ஆனால் அதில் குழந்தையை வைத்தபடியே சூடாக எதையும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள்.

பைக்குள்

இரண்டு டயப்பர், ஈரத் துடைப்பான், மாற்றுத் துணி ஒரு செட், அழுக்கைக் கட்ட ஒரு கவர், குழந்தையின் சொந்தக் கிண்ணமும் ஸ்பூனும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஒரு பழைய காட்டன் துண்டு. இந்தத் துண்டுதான் என் ஆஸ்தான ஆயுதம்: விரிப்பு, மறைப்பு, பிப், எல்லாம் அதுவே. உங்களுக்கும் ஒரு மாற்று மேல்சட்டை இருந்தால் நல்லது. ஒருமுறை இல்லாமல் போய்த் தயிர்க் கறையோடு மின்சார ரயிலில் வந்தேன்.

வீட்டிலிருந்து கூழோ பருப்புச் சாதமோ எடுத்துப் போவதானால் நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். சமைத்த சாப்பாடு வெளியே சாதாரணமாக இரண்டு மணி நேரம் தாங்கும். வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் ஏப்ரல், மே என்றால் ஒரு மணி நேரக் கணக்கே சரி. இந்த வம்பே வேண்டாம் என்றால் ஒரு வாழைப்பழம் போதும். கடவுள் உறை போட்டுக் கொடுத்த குழந்தை உணவு.

உட்காரும் இடம்

சுவர் ஓரம், மூலை மேஜை கேளுங்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்திலும், கை கழுவும் இடத்துக்குப் போகிற வழியிலும் உட்காராதீர்கள். கொதிக்கும் சாம்பார் வாளி அந்த வழியாகத்தான் வரும், தரையும் அங்கேதான் ஈரமாக இருக்கும். ஏசி காற்று நேராகத் தலையில் அடிக்கிறதா என்று உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

குழந்தை நாற்காலி கொடுத்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பாதி இடங்களில் பெல்ட் அறுந்திருக்கும், இல்லை கொக்கி இருக்காது. அப்படியென்றால் மடியே மேல். நாற்காலியின் தட்டை நீங்களே ஒருமுறை துடையுங்கள். மேஜை துடைக்கும் அதே துணியால்தான் அதையும் துடைத்திருப்பார்கள்.

உட்கார்ந்ததும் முதல் வேலை, குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தைக் காலி செய்வது. உப்பு, மிளகுத்தூள் ஜாடி, பல்குத்தும் குச்சி டப்பா, தண்ணீர் ஜக், வாழை இலை நுனி, எல்லாம் எதிர்ப்பக்கம் போகட்டும். குழந்தையின் கை நாம் நினைப்பதைவிட நாலு விரற்கடை நீளம்.

இங்கே காபியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். டபரா டம்ளரில் வரும் ஃபில்டர் காபி நுனிவரை நிறைந்து, நுரையோடு, ஆவி பறக்க வரும். சர்வர் அதை எப்போதும் மேஜை ஓரத்தில், உங்கள் கைக்கு வசதியாக வைப்பார். மடியில் இருக்கும் குழந்தைக்கும் அது வசதி. பளபளவென்று இருப்பதால் கை முதலில் அங்கேதான் போகும். குழந்தையின் தோல் மெல்லியது. நமக்கு நாக்கு சுடும் காபி அதற்குக் கொப்புளம். அதனால் காபியைக் கடைசியில் சொல்லுங்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போன பிறகு மற்றவர் குடிக்கட்டும். நானும் என் கணவரும் இப்படி முறை வைத்துத்தான் குடிக்கிறோம். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடையை விலக்கி, கை கழுவும் குழாயில் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். யாராவது பற்பசை, மாவு, இங்க் என்று எடுத்து வருவார்கள். எதுவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். கைக்குழந்தைக்குச் சுட்டது சின்ன அளவு என்றாலும் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

ஆர்டர்: குழந்தைக்கு முதலில்

மெனு கார்டைப் புரட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, பாப்பாவுக்கு ரெண்டு சாதா இட்லி முதல்ல கொடுத்துடுங்க, நாங்க அப்புறம் சொல்றோம்.” ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும். சர்வர் வெளிமாநிலத்துத் தம்பியாக இருந்தால் “காரம் வேண்டாம்” என்பது போய்ச் சேராது. “மிர்ச்சி நஹி” என்று சொல்லி, குழந்தையைக் கைகாட்டுங்கள். வேலை முடிந்துவிடும்.

உங்களுக்குச் சீக்கிரம் வரும் பண்டமாகச் சொல்லுங்கள். புரோட்டா அடித்துப் போட்டு, கொத்தி வருவதற்குள் உங்கள் நாற்பத்தைந்து நிமிடத்தில் பாதி போயிருக்கும். ஒற்றைக் கையால் சாப்பிடக்கூடியதா என்றும் பாருங்கள். தலைவாழை இலைச் சாப்பாட்டை மடியில் குழந்தையோடு சாப்பிட நினைத்தால், இலையில் உங்களுக்கு முன்பு குழந்தைதான் கை நனைக்கும்.

என்ன கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

இட்லிதான் ராஜா. ஆவியில் வெந்தது, மெத்தென்றது, எண்ணெய் இல்லை. ஆனால் மேலே ஆறியிருந்தாலும் நடுவில் சூடு நிற்கும். இரண்டாகப் பிட்டு, மூன்று நிமிடம் வைத்து, உங்கள் உதட்டில் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். உலர்ந்த இட்லி தொண்டையில் அடைக்கும், அதனால் கொண்டுவந்த தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்துக்கொள்ளுங்கள். சாம்பாரை ஊற்றாதீர்கள். ஓட்டல் சாம்பாரில் காரத்தைவிட உப்புதான் பிரச்சினை. ஒரு வயதுக்குள் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் உப்புகூடத் தேவையில்லை. இட்லியிலேயே கொஞ்சம் இருக்கிறது.

மீல்ஸ் சாப்பிடும் இடத்தில் வெறும் சாதமும், கிண்ணத்தில் தனியாகக் கட்டித் தயிரும் கேளுங்கள். புளிப்பில்லையா என்று ருசித்துப் பார்த்துக் குழையப் பிசைந்து கொடுங்கள். ‘தயிர் சாதம்’ என்று மெனுவில் இருப்பதை வாங்காதீர்கள். அதில் கடுகு, பச்சை மிளகாய், மாதுளை, திராட்சை, முந்திரி என்று ஒரு கல்யாணமே நடந்துகொண்டிருக்கும். முழுத் திராட்சையும் முந்திரியும் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கக் கச்சிதமான அளவு.

வெண்பொங்கல் பார்க்க மெத்தென்று இருக்கும். ஆனால் முழு மிளகு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அன்றைய ஓட்டல் முடிந்தது. ரசம் சாதம் வீட்டில் கொடுப்பதுதானே என்று தோன்றும். வீட்டில் குழந்தைக்கென்று வைக்கும் ரசம் வேறு, ஓட்டலில் மிளகு தூக்கலாக வைக்கும் ரசம் வேறு. பருப்புப் பொடியில் மிளகாய் இருக்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இடியாப்பம் நல்லது, கூட வரும் தேங்காய்ப்பாலில் சர்க்கரை கலந்திருப்பார்கள். ஊத்தப்பம், கல் தோசையின் நடுப்பகுதி பத்து மாதத்துக்கு மேல் கையில் கொடுக்கலாம். ரோஸ்ட்டின் முறுகல் ஓரம் வேண்டாம். அப்பளம் கேட்டு அடம் பிடிக்கும். உப்பு, எண்ணெய், கூரான துண்டு மூன்றும் சேர்ந்தது அது.

அசைவ ஓட்டலில் நன்றாக வெந்த முட்டை கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே முட்டை கொடுத்துப் பழகியிருந்தால் மட்டும். ஒவ்வாமை இருக்கிறதா என்று முதல்முறை சோதிக்கும் இடம் ஓட்டல் இல்லை. மஞ்சள் கரு மாவு மாதிரி ஒட்டும், தண்ணீர் விட்டு மசியுங்கள். ஆஃப்பாயில் கூடாது. குழம்பு மீனில் முள் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பழ ஜூஸும் அதுவரை வேண்டாம். ஓட்டல் ஜூஸில் சர்க்கரையும் எந்தத் தண்ணீர் என்று தெரியாத ஐஸும் வேறு.

அப்புறம், பக்கத்து மேஜைப் பாட்டி. “ஒரு துளி நாக்குல வச்சா என்ன ஆயிடும்?” என்று கேசரியோடு விரலை நீட்டுவார். கோபப்பட வேண்டாம். “டாக்டர் திட்டுவாரு பாட்டி” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். நாம் சொன்னால் கேட்காதவர்கள் டாக்டர் என்றால் கையை எடுத்துவிடுவார்கள்.

பால்

தாய்ப்பால் கொடுக்க மூலை மேஜையும், சுவரைப் பார்த்த நாற்காலியும், முன்பு சொன்ன காட்டன் துண்டும் போதும். பழைய அசைவ ஓட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்று தடுப்பு வைத்த இடம் இருக்கும், அங்கே நிம்மதி. வெளியூர்ப் பயணம் என்றால், 2015 முதல் தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன. சாவி யாரிடம் என்று விசாரிக்க வேண்டியிருக்கலாம், ஆனால் விசாரியுங்கள். கழிப்பறையில் உட்கார்ந்து மட்டும் கொடுக்காதீர்கள். நீங்கள் கழிப்பறையில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவீர்களா?

பவுடர் பால் என்றால் பிளாஸ்கில் வெந்நீர், பவுடரை அளந்து தனி டப்பாவில். தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். பிறகு பாட்டிலைக் குழாயடியில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கலக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குடித்து மிச்சம் வைத்ததை வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். ஓட்டல் பசும்பால் ஒரு வயதுக்குப் பிறகு. அப்போதும் சர்க்கரை போடாமல் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

டயப்பர்

மாற்றும் மேஜை உள்ள ஓட்டல் அபூர்வம். இருந்தாலும் பெண்கள் கழிப்பறையில்தான் இருக்கும். அப்பாக்களுக்கு அதுவே சாக்கு. கிளம்பும் முன்பு வீட்டிலேயே புதிது மாட்டிவிடுங்கள். கார் இருந்தால் பின் சீட். சாப்பாட்டு மேஜையிலும் பக்கத்து நாற்காலியிலும் மாற்றாதீர்கள். மற்றவர்களும் அங்கே சாப்பிட வேண்டும்.

அழ ஆரம்பித்தால்

ஒருவர் உடனே தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். யார் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேஜையில் உட்கார்ந்து அந்தச் சண்டையைப் போட்டால் மூன்று பேர் அழுவீர்கள். வாசலில் இரண்டு பஸ், ஒரு நாய், கேஷ் கவுண்டருக்குப் பின்னால் சுழலும் விளக்கு மாலை போட்ட சாமி படம், ஏதாவது ஒன்று வேலை செய்யும்.

போனைக் காட்டலாமா? நானும் ஒருமுறை காட்டினேன். அடுத்த முறை உட்கார்ந்ததுமே கைப்பையைத் துழாவினாள். ஒரு காலி எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் கொடுத்தால் பத்து நிமிடம் ஓடும். சத்தம் வரும், பரவாயில்லை; அதற்குத்தான் சத்தமான ஓட்டலைத் தேர்ந்தெடுத்தோம்.

சர்வரோ முதலாளியோ “கொடுங்கம்மா, நான் வச்சுக்கறேன், நீங்க சாப்பிடுங்க” என்று கை நீட்டுவதும் உண்டு. உங்களுக்குச் சம்மதமென்றால், கண் பார்வையில் இருக்கும்படி கொடுங்கள். இல்லையென்றால் “புது ஆள்கிட்ட அழுவாண்ணா” போதும்.

தொண்டையில் சிக்கினால்

இதை ஓட்டலில் போய்ப் படிக்க முடியாது, வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். குழந்தை சத்தமாக இருமினால், முகம் சிவந்து உவ்வே என்றால், காற்று போய்க்கொண்டிருக்கிறது, இரும விடுங்கள். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஒரு வயதுக்குள் என்றால், முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவில் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்துவிட்டால் தட்டுவதை நிறுத்தி, 108-இல் பேசுபவர் சொல்கிறபடி உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

நம் வீடுகளில் புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். அடைத்துக்கொண்டால் இரண்டும் உதவாது. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

கிளம்பும்போது

கடைசி இட்லி வரும்போதே பில் சொல்லிவிடுங்கள். கீழே இறைந்த பருக்கைகளைத் துண்டால் ஒன்றுகூட்டி இலையில் போட்டுவிடுங்கள். மேஜை துடைக்கும் அம்மாவுக்கு இருபது ரூபாய் தனியாகக் கையில் கொடுங்கள். சர்வருக்கு வைக்கும் டிப்ஸ் பெரும்பாலும் அவரிடம் போய்ச் சேராது, நம் குழந்தை போட்ட குப்பையோ அவர் கணக்கில்தான் வரும்.

கேஷ் கவுண்டரில் சோம்பும் கல்கண்டும் வைத்த கிண்ணம் இருக்கும். இடுப்பில் இருக்கும் குழந்தைக்குச் சரியாகக் கை எட்டும் உயரம் அது. பணம் கொடுப்பவர் ஒருவர், குழந்தையைத் தூக்கி வெளியே போகிறவர் இன்னொருவர் என்று பிரிந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டியவர் ஒருமுறை திரும்பி வந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிடட்டும். எங்கள் வீட்டில் ஒற்றைக் கால் சாக்ஸ் மட்டும் நான்கு இருக்கின்றன.